வின்செஸ்டர் பள்ளி இறந்துபோன தன் மாணவர்களை நினைவில் வைத்த விதம்

இங்கிலாந்தின் தெற்கே வின்செஸ்டர் என்று ஒரு பழைய ஊர். அங்கே வில்லியம் ஆஃப் விக்கம் என்ற பிஷப் 1382இல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. பெயர் என்னவோ வின்செஸ்டர் காலேஜ். ஆனால் அது 13 வயதில் சேர்ந்து 18 வயதில் வெளியே வரும் விடுதிப் பள்ளி, பெரும்பாலான மாணவர்கள் கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளி. முதல் உலகப் போரில் இந்த ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் மட்டும் சுமார் 500 பேர் இறந்தார்கள்.

நான்கே வருஷத்தில் இத்தனை மாணவர்களைப் பறிகொடுத்த பள்ளி அவர்களை எப்படி நினைவில் வைத்தது, அதில் எது சரியாக வந்தது, எது வரவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். வின்செஸ்டரை எடுத்ததற்குக் காரணம், அங்கே இரண்டு வேலையும் நடந்தது. ஒன்று, பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இன்னொன்று, ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் எழுதினார்கள். பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவது கல்லைத்தான். ஆனால் பெரிய வேலை எழுத்து வேலை என்பது என் கருத்து, அதைக் கடைசி வரை விடாமல் சொல்லப் போகிறேன்.

முதலில், ஏன் இத்தனை பேர்? இந்த வகைப் பள்ளிகளில் 1908 முதல் அதிகாரிப் பயிற்சிப் படை இருந்தது, அன்றைய போர் அமைச்சர் ஹால்டேன் கொண்டுவந்த ராணுவச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதி அது. பையன்கள் பள்ளியிலேயே அணிவகுப்பும் துப்பாக்கி சுடுவதும் பழகியிருந்தார்கள். 1914 ஆகஸ்டில் போர் வெடித்ததும் ராணுவத்துக்கு அவசரமாக இளநிலை அதிகாரிகள் தேவைப்பட்டார்கள், அப்போது கைக்கு எட்டிய இடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான். 19, 20 வயதில் செகண்ட் லெப்டினன்ட் ஆகி ஒரு பிளாட்டூனுக்கு, அதாவது ஒரு சிறு சிப்பாய்க் குழுவுக்கு, முன்னால் போய் நின்றார்கள். பதுங்குகுழியை விட்டு ஏறித் தாக்கப் போகும்போது முதலில் தலை தெரிவது இந்த அதிகாரியின் தலைதான், போரின் ஆரம்பத்தில் அவர்களின் உடுப்பு வேறு தனியாகக் காட்டிக்கொடுத்தது. மொத்த பிரிட்டிஷ் படையில் எட்டுப் பேருக்கு ஒருவர் இறந்தார் என்றால், இந்தப் பள்ளிகளில் இருந்து போனவர்களில் கிட்டத்தட்ட ஐந்து பேருக்கு ஒருவர் திரும்பவில்லை. ஈட்டன் பள்ளியில் மட்டும் 1,157 பேர், ஹாரோவில் 644 பேர்.

அடுத்தது, உடல் வீட்டுக்கு வரவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த நினைவிடங்கள் எதையும் புரிந்துகொள்ள முடியாது. 1915 ஏப்ரலில் ஈட்டனில் படித்த இளம் எம்.பி. ஒருவர், முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன், பிரான்சில் கொல்லப்பட்டார், மன்னரின் அனுமதியோடு அவர் உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அதோடு சரி, பணக்காரர் ஏழை என்ற பேதம் வரக்கூடாது என்று உடல்களைக் கொண்டுவருவதற்குத் தடை உறுதியானது. போர்க் கல்லறை ஆணையம் எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே வடிவக் கல் வைத்தது, தளபதிக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசம் இல்லை. குடும்பம் சொந்தமாக எழுதிக்கொள்ளக் கல்லின் அடியில் 66 எழுத்துக்கு இடம் கொடுத்தார்கள், எழுத்துக்கு மூன்றரை பென்னி. ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொல்ல 66 எழுத்து. அந்தக் கல்லும் கடலுக்கு அந்தப் பக்கம், பிரான்சிலோ பெல்ஜியத்திலோ. பலருக்கு அந்தக் கல்லும் இல்லை, உடலே கிடைக்கவில்லை.

அப்படியானால் அழுவதற்கு ஒரு இடம் வேண்டும் அல்லவா? ஊருக்கு ஊர் நினைவுத் தூண்கள் முளைத்தது இதனால்தான். விடுதிப் பள்ளியில் ஐந்து வருஷம் இருந்த பையனுக்கு அந்தப் பள்ளியும் ஒரு ஊர்.

அப்போது தலைமையாசிரியர் மான்டேகு ரெண்டால். 1911இல் பொறுப்பேற்று 1924இல் ஓய்வு பெற்றவர், அதாவது இறந்த பையன்களில் கணிசமான பேர் அவர் கண் முன்னால் வளர்ந்தவர்கள். நினைவிடம் கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை, ஆனால் எவ்வளவு பெரிதாக என்பதில் சிக்கல் வந்தது. முதலில் இன்னும் பெரிய திட்டம் இருந்து, பணமும் கருத்து வேறுபாடும் சேர்ந்து அதைச் சுருக்கி, கடைசியில் ஒரு சதுர முற்றமும் அதைச் சுற்றி நாலு பக்கமும் கூரை போட்ட நடையும் என்று முடிவானது. நம் கோயில் பிரகாரத்தில் தூண் வரிசைக்கும் மதிலுக்கும் நடுவே நடப்போமே, அந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். புது டெல்லியில் நார்த் பிளாக், சவுத் பிளாக், பழைய நாடாளுமன்றக் கட்டடம் எல்லாம் இவர் வரைந்ததுதான், கிட்டத்தட்ட அதே வருஷங்களில். முற்றத்தின் நடுவே ஒரு சிலுவைத் தூண், அதில் சிலுவைப்போர் வீரர்களின் உருவங்களைச் செதுக்கியவர் ஆல்ஃபிரட் டர்னர். 1924 மே 31 அன்று அரச குடும்பத்தைச் சேர்ந்த கன்னாட் கோமகன் வந்து அர்ப்பணித்தார்.

இதில் நான் மெச்சுவது இடத் தேர்வை. தனியாக ஒரு மூலையில், வருஷத்துக்கு ஒரு நாள் மாலை போடுவதற்காக என்று வைக்காமல், விடுதிகளில் இருந்து வகுப்புக்குப் போகும் வழியிலேயே கட்டினார்கள். பையன்கள் புத்தகத்தோடு ஓடும்போது, மழையில் ஒதுங்கும்போது, பேசிக்கொண்டே நடக்கும்போது பக்கத்துச் சுவரில் அந்தப் பெயர்கள். அன்றாட வழியில் இருப்பதால் யாரும் நின்று கவனிக்க மாட்டார்கள் என்று வாதிடலாம். இருக்கட்டும். ஐந்து வருஷம் அதே சுவரைத் தாண்டி நடக்கிறவன் கண்ணில் என்றாவது ஒரு நாள் தன் குடும்பப் பெயர் படும், அல்லது பக்கத்துப் படுக்கைக்காரனின் குடும்பப் பெயர் படும். அது போதும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் உள்ளே இருக்கிற தூண்களில் இன்னொரு வரிசைப் பெயர்கள் ஏறின.

இனி, எனக்கு ஒப்பாத ஒன்று. சுவரைச் சுற்றி ஒரு நீண்ட வாசகம் ஓடுகிறது. இந்த 500 பேரின் சேவைக்காகக் கடவுளுக்கு நன்றி என்று தொடங்குகிறது. போர் நாளில் அவர்கள் தங்களைப் படைத்த கடவுளை மறக்கவில்லை, தேசத்தை மறக்கவில்லை, பள்ளியை மறக்கவில்லை, இந்த மூன்று நம்பிக்கையின் பலத்தில் போனார்கள் என்று சொல்லிவிட்டு, கடைசியில் படித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்து, யாருக்காக இவர்கள் இறந்தார்களோ அந்த நீ, உன் நலம் தேடாதே, இவர்களைப் போலத் தொண்டு செய் என்று திரும்புகிறது. அழகான நடைதான். எழுதியவர்களின் துக்கமும் நிஜம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 500 பேருக்கும் ஒரே மனசா? ஒரே நம்பிக்கையா?

ரேமண்ட் ஆஸ்குவித்தை எடுத்துக்கொள்வோம். பிரதமர் ஆஸ்குவித்தின் மூத்த மகன், வின்செஸ்டரில் உதவித்தொகை பெற்றுப் படித்தவர், அப்புறம் ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரி, பிறகு வழக்கறிஞர். அவர் தலைமுறையின் பெரிய மூளைகளில் ஒருவர் என்று கூடப் படித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பெரிய பேச்சுகளை நம்பாதவர், எதையும் கூர்மையாகக் கிண்டல் செய்கிறவர், போர் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் இருக்கவில்லை. 37 வயது, மனைவி, மூன்று குழந்தைகள். தலைமையகத்தில் பாதுகாப்பான வேலை இருந்தும் தன் படைப்பிரிவுக்கே திரும்பிப் போனார். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் கிரெனடியர் கார்ட்ஸ் கம்பெனியை நடத்திக்கொண்டு போகும்போது மார்பில் குண்டு பாய்ந்தது. தன் ஆட்கள் பயந்துவிடக்கூடாது என்று, காயம் பெரிதில்லை என்பது போல ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார். சிகிச்சைக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே உயிர் போனது.

அந்த சிகரெட்டில் ஒரு முழு மனிதன் தெரிகிறான். சுவரில் இருக்கிற மூன்று நம்பிக்கையில் இவர் எங்கே பொருந்துகிறார் என்று எனக்குத் தெரியவில்லை, அவரே அந்த வாசகத்தைப் படித்திருந்தால் புருவத்தை உயர்த்தியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. கல்லால் இதைச் செய்ய முடியாது. கல்லுக்கு எல்லோரும் ஒன்று, அது கல்லின் பெருமையும்கூட. ஆனால் தனித்தனி ஆளைத் திருப்பிக் கொடுக்க வேறு ஒன்று வேண்டும்.

அந்த வேறு ஒன்று 1921இல் வந்தது. போரில் இறந்த வின்செஸ்டர் மாணவர்களைப் பற்றி நான்கு தொகுதி. கட்டடம் முடிவதற்கு மூன்று வருஷம் முன்பே புத்தகம் முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். ஹாரோ பள்ளி இதையே ஆறு தொகுதியாக 1918இல் தொடங்கி 1921 வரை கொண்டுவந்தது: ஒருவருக்கு ஒரு புகைப்படம், ஒரு வாழ்க்கைக் குறிப்பு, 644 பேருக்கும். மேதையாக இருந்தாலும் சரி, பள்ளியில் எந்தப் பரிசும் வாங்காமல் போனவனாக இருந்தாலும் சரி, அளவு ஒன்றுதான். இந்தச் சமத்துவம் எனக்குக் கல்லறைக் கல்லின் சமத்துவத்தை விடப் பெரிதாகப் படுகிறது. வெளியே பெயர் எடுத்தவனுக்கு நாலு பக்கம், மற்றவனுக்கு நாலு வரி என்று போவதுதான் இயல்பு, பழைய மாணவர் மலர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

அந்தக் காலத்தில் இந்தக் குறிப்புகள் எப்படித் தயாரானது என்றால், குடும்பத்துக்குக் கடிதம் போகும்: பிறந்த தேதி, பெற்றோர், எந்தப் படைப்பிரிவு, எங்கே காயம், எங்கே மரணம், ஒரு நல்ல புகைப்படம். ருவின்யி பிரபு என்பவர் நாட்டளவில் இதே முறையில் படிவம் அனுப்பி ஆயிரக்கணக்கான குறிப்புகளைத் திரட்டினார். பள்ளிக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. விடுதிப் பொறுப்பாசிரியர் உயிரோடு இருக்கிறார், அவருக்குப் பையனை 13 வயதில் இருந்து தெரியும். கூடப் படித்தவர்கள் சிலர் பிழைத்து வந்திருக்கிறார்கள். சேர்க்கைப் பதிவேடு, விளையாட்டு அணிப் பட்டியல், பள்ளிப் பத்திரிகை எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில். இவ்வளவும் இருந்த அந்த சில வருஷங்களுக்குள் எழுதி முடித்தார்கள். இருபது வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் தாய்மார்களில் பாதிப் பேர் போயிருப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. துக்கம் பச்சையாக இருக்கும்போது எழுதும் குறிப்பில் எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் சிரித்த முகம், எல்லோரும் உடனே, வலியில்லாமல் இறந்தார்கள். இந்தக் கடைசி விஷயம் மேலதிகாரி எழுதும் இரங்கல் கடிதத்தில் இருந்து வருவது. முள்கம்பியில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடந்தவனின் தாய்க்கும் “உடனே போய்விட்டான்” என்றுதான் எழுதினார்கள், எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நூறு வருஷம் கழித்து அதையே அப்படியே திருப்பிச் சொல்வது சரியில்லை. நூற்றாண்டு வந்தபோது பள்ளி அந்தப் பழைய குறிப்புகளை அடிப்படையாக வைத்து ஒவ்வொருவருக்கும் விரிவான வாழ்க்கை வரலாற்றை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டதை ஒரு தொடர்ச்சியாகப் பார்க்கிறேன். முதல் தலைமுறை சேகரித்து வைத்தது, நான்காவது தலைமுறை ராணுவப் பதிவுகளோடு ஒப்பிட்டது. சேகரிப்பு இல்லையென்றால் ஒப்பிட ஒன்றும் இருந்திருக்காது.

இரண்டு பேரைப் பற்றிச் சுருக்கமாகவும் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவும் சொல்ல வேண்டும்.

டெனிஸ் ஹியூவிட், ஹாம்ப்ஷயர் படைப்பிரிவு, 19 வயது. 1917 ஜூலை 31, பெல்ஜியத்தில் ஈப்ரஸ் பக்கம். குண்டு வெடித்ததில் அவர் பையில் இருந்த சமிக்ஞை வெடிகள் பற்றிக்கொண்டு உடுப்பெல்லாம் எரிந்தது. அணைத்துவிட்டு, வெந்த உடம்போடு மிச்சம் இருந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு முன்னே போனார். இடத்தைப் பிடித்தபின் காவலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மறைந்திருந்து சுட்டவனின் குண்டுக்குப் பலியானார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். உடல் இல்லை, மெனின் கேட் நினைவு வாயிலில் பெயர் மட்டும்.

ஆர்தர் கில்பி, 1915 செப்டம்பர் 25, லூஸ் சண்டை. ஆபத்து அதிகம் என்று தெரிந்தே அந்தத் தாக்குதலைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டவர். கால்வாய்க் கரையின் குறுகலான பாதையில் ஆட்களை நடத்திப் போனார். ஒரு பாதம் சிதைந்து போன பிறகும் விழுந்த இடத்தில் கிடந்தபடியே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டும் ஆட்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டும் இருந்தார். அவருக்கும் விக்டோரியா கிராஸ். எதிரே இருந்த ஜெர்மானியர்களே அவர் விழுந்த இடத்தில் ஒரு சிலுவை நட்டார்கள். அவர் உடல் அடையாளம் காணப்பட்டது 1929இல், அதாவது பள்ளிச் சுவரில் பெயர் ஏறி ஐந்து வருஷம் கழித்து. அதுவரை இங்கிலாந்தில் அவர் பேர் சொல்லி நிற்க இருந்த இடங்களில் அந்தச் சுவரும் ஒன்று.

கில்பர்ட் டால்பட் வேறு மாதிரி. இவர் வீரப் பதக்கம் வாங்கவில்லை. வின்செஸ்டர் பிஷப் எட்வர்ட் டால்பட்டின் கடைசி மகன், ஆக்ஸ்போர்டில் மாணவர் விவாத மன்றத் தலைவராக இருந்தவர், அரசியலுக்கு வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த பையன். 1915 ஜூலை 30 அன்று ஹூக் என்ற இடத்தில் ஜெர்மானியர்கள் தீப்பிழம்பு வீசும் கருவியை பிரிட்டிஷ் வரிசை மேல் திருப்பினார்கள், இழந்த குழியை மீட்க அன்றே நடந்த எதிர்த்தாக்குதலில் கில்பர்ட் விழுந்தார். 23 வயது. அண்ணன் நெவில் அதே போர்முனையில் ராணுவப் பாதிரியார். இரு தரப்புக்கும் நடுவே கிடந்த வெட்டவெளியில் ஊர்ந்து போய்த் தம்பியின் உடலைத் தேடிக் கண்டுபிடித்தார். இப்போது சான்க்சுவரி வுட் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறார் கில்பர்ட்.

அந்த வருஷம் டிசம்பரில் போர்முனைக்குப் பின்னால் பாப்பரிங்க என்ற பெல்ஜிய ஊரில் சிப்பாய்கள் இளைப்பாற ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். நடத்தியவர் பிலிப் கிளேட்டன் என்ற பாதிரியார், டப்பி என்று எல்லோரும் கூப்பிட்ட குண்டு மனிதர். வீட்டுக்கு டால்பட் ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். உள்ளே வருகிறவன் பதவியை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்று பலகை மாட்டியிருந்தது, கர்னலும் சிப்பாயும் ஒரே மேசையில் தேநீர் குடித்தார்கள், ராணுவத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். மேல்மாடியில் பீர் தயாரிக்கும் ஹாப்ஸ் காயவைத்த பரணைத் தேவாலயமாக மாற்றி, தச்சுப் பட்டறை மேசையையே பலிபீடமாக வைத்தார்கள். முன்வரிசைக்குப் போகும் முன் கடைசியாக அங்கே ஏறி முழங்காலிட்ட ஆயிரக்கணக்கான பேரில் பலர் திரும்பவில்லை.

சமிக்ஞைக்காரர்கள் டி என்ற எழுத்தை டாக் என்று சொல்வார்கள், அதனால் டால்பட் ஹவுஸ் சுருங்கி டாக் எச் ஆனது. போருக்குப் பிறகு அந்தப் பெயரில் ஒரு தொண்டு இயக்கமே உலகம் முழுக்கப் பரவியது. கொச்சியில் வைட்டிலாவில் இருக்கும் டாக் எச் பப்ளிக் ஸ்கூல் பெயரைப் பார்த்து என்ன எழுத்து இது என்று யோசித்தவர்கள் இருப்பீர்கள், அதன் வேர் இந்த வீடுதான். பாப்பரிங்கவில் அந்த வீடு இன்றும் திறந்திருக்கிறது, போய்த் தங்கலாம். பேச்சுத் திறமையும் பெரிய குடும்பமும் தவிர வேறு எதையும் சாதிக்க நேரம் கிடைக்காத 23 வயதுப் பையன் பெயரில் ஒரு வீடு நூறு வருஷம் தாண்டி விருந்தினருக்குத் தேநீர் கொடுக்கிறது. மூன்று வகை நினைவிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் இதைத் திட்டம் போட்டுச் செய்ய முடியாது என்பதும் தெரிகிறது. 500 பேரில் ஒருவருக்கு வாய்த்தது.

சரி, போரில் சாகாதவர்கள்? எவரெஸ்ட் ஏறப் போன ஜார்ஜ் மல்லோரி இதே பள்ளியில் கணக்கில் உதவித்தொகை வாங்கிச் சேர்ந்தவர். மலையேறக் கற்றுக்கொடுத்ததும் இங்கே இருந்த கிரஹாம் இர்விங் என்ற ஆசிரியர்தான், விடுமுறையில் ஆல்ப்ஸுக்குக் கூட்டிப் போனார். மல்லோரி பீரங்கிப் படையில் சோம் சண்டையைப் பார்த்துப் பிழைத்து வந்தார். 1924 ஜூன் 8 அன்று, அந்த நினைவு முற்றத்தை அர்ப்பணித்து எட்டாவது நாள், எவரெஸ்டின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே மேகத்துக்குள் மறைந்தார். உடல் கிடைத்தது 1999 மே மாதத்தில். அவர் கதை தானாகவே நினைவில் நின்றுவிட்டது, யாரும் முயற்சி எடுக்கத் தேவையில்லாமல் போனது. பிராங்க் ராம்சே, கணிதத்திலும் தத்துவத்திலும் பொருளியலிலும் புதுப் பாதை போட்டவர், 1930இல் 26 வயதில் நோயில் போனார், அவரும் இந்தப் பள்ளிதான். துறை சார்ந்தவர்கள் அவரை மறக்க விடவில்லை. ஆனால் அதே வருஷங்களில் காசநோயிலும் விபத்திலும், போர்க்காயம் உள்ளுக்குள் அரித்துப் பத்து வருஷம் கழித்தும் இறந்த சாதாரண மாணவர்களுக்கு நான்கு தொகுதி கிடையாது. ஒரு பெரிய நிகழ்வில் கூட்டமாக இறந்தவர்களை நிறுவனம் நினைக்கும், தனியாக இறந்தவனைப் பற்றிப் பள்ளிப் பத்திரிகையில் ஒரு சின்னக் குறிப்பு வரும். இது வின்செஸ்டருக்கு மட்டும் உரிய குறை கிடையாது.

நல்ல இரங்கல் குறிப்பு என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் இந்தப் பள்ளியின் பழைய மாணவர் ஒருவரிடம் இருந்தே கிடைக்கிறது. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஜி. எச். ஹார்டி வின்செஸ்டரில் படித்தவர். ராமானுஜன் 1920இல் இறந்ததும் ஹார்டி எழுதிய இரங்கல் குறிப்பில்தான் அந்த டாக்சி எண் வருகிறது: புட்னியில் நோயாகக் கிடந்தவரைப் பார்க்கப் போனது, வந்த வண்டியின் எண் 1729 சுவாரசியம் இல்லாதது என்று சொன்னது, இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று படுக்கையில் இருந்தவர் சொன்னது. ஹார்டி அதை அப்போதே எழுதி வைக்காமல் இருந்திருந்தால் நமக்கு அது இல்லை. ராமானுஜன் மேதை, எளிமையானவர், பண்பாளர் என்று அன்று எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள், யாருக்கு நினைவிருக்கிறது?

இன்னொரு பக்கத்தையும் பார்க்காமல் இதை முடிக்க முடியாது. வின்செஸ்டர் முற்றத்தைக் கட்டிய அதே ஹெர்பர்ட் பேக்கர் பிரான்சில் நவ் ஷப்பெல் என்ற ஊரில் இன்னொரு வட்ட முற்றம் கட்டினார், 1927இல் திறந்தார்கள். உச்சியில் தாமரை வைத்த உயரமான தூண், சுவரில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள், எல்லாம் உடல் கிடைக்காத இந்தியச் சிப்பாய்களும் உடன் போன தொழிலாளர்களும். 1915 மார்ச்சில் அங்கே நடந்த தாக்குதலில் பாதிப் படை இந்தியப் படை. கட்டடக்கலையில் இரண்டும் உறவுக்காரர்கள். ஆனால் இந்தப் பெயர்களுக்கு நான்கு தொகுதி இல்லை. 13 வயதில் இருந்து பார்த்த விடுதி ஆசிரியர் இல்லை, புகைப்படம் இல்லை, குடும்பத்துக்குப் படிவம் அனுப்பிய பள்ளி இல்லை. அவர்கள் சொன்ன சொற்கள் கொஞ்சமாவது நமக்குக் கிடைப்பது, வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்து மொழிபெயர்த்து அறிக்கைக்காக எடுத்து வைத்ததால். உளவு பார்க்க எடுத்தது, இன்று நினைவாக நிற்கிறது. பஞ்சாபில் இருந்து போன 3,20,000 பேரின் விவரம் எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் தொண்ணூறு வருஷத்துக்கும் மேலாகக் கிடந்து, 2021இல்தான் பொதுமக்கள் தேடிப் பார்க்க முடிகிற வடிவில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரத் தொடங்கின.

ஆக, ஒரு வாழ்க்கை நினைவில் நிற்பதற்கு அன்பு மட்டும் காரணமாக இருப்பதில்லை. பதிவேடு வைக்கிற அலுவலகம், கடிதம் போடுகிற எழுத்தர், அச்சிடப் பணம், எல்லாவற்றுக்கும் மேல் இது எங்கள் வேலை என்று எடுத்துக்கொள்கிற ஒருவர் வேண்டும். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிக்கு இது எல்லாமே இருந்தது. அதைக் கொண்டு அவர்கள் செய்ததைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வசதி இருந்தும் செய்யாமல் விட்டிருக்கலாம்.

எதிரியாக நின்றவனை என்ன செய்வது என்ற கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அது பக்கத்து வீட்டில். வின்செஸ்டரைத் தொடங்கிய அதே பிஷப் ஆக்ஸ்போர்டில் தொடங்கியது நியூ காலேஜ். அங்கே படித்துவிட்டு ஊர் திரும்பி ஜெர்மனிக்காகச் சண்டை போட்டு இறந்த மூன்று பேருக்கு, அந்நிய தேசத்தில் இருந்து வந்து இந்த இடத்தின் உரிமையில் பங்கு பெற்றவர்கள் என்று சொல்லி 1930இல் தேவாலயத்தில் ஒரு பலகை வைத்தார்கள். போர் முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆனது அதற்கு.

தங்கள் பள்ளியின் இறந்தவர்களைப் பற்றித் தொகுக்க நினைப்பவர்களுக்கு இந்த உதாரணத்தில் இருந்து நான் எடுத்துச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கட்டடத்துக்கும் கல்வெட்டுக்கும் நிதி திரட்டுகிற குழு அதன்போக்கில் இருக்கட்டும், எழுதுகிற வேலையை அதற்காகக் காத்திருக்க விடாதீர்கள், 1921 முதலில், 1924 பிறகு. ஆசிரியர்களில் மூத்தவரிடம் முதலில் போங்கள், அப்புறம் பெற்றோர், அப்புறம் பக்கத்து பெஞ்சுக்காரர், ஏனென்றால் அந்த வரிசையில்தான் ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு இடம். “நல்லவர், பண்பாளர்” என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள் என்று திரும்பக் கேளுங்கள், சிகரெட் பற்றவைத்த மாதிரி ஒன்று, டாக்சி எண் மாதிரி ஒன்று. எப்படி இறந்தார் என்பதைக் குடும்பம் சொல்ல விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அதற்காகப் பொய்யும் எழுத வேண்டாம், அந்த வரியை விட்டுவிட்டு அவர் பள்ளியில் இருந்த வருஷங்களை எழுதலாம். சொன்னவர் யார், எந்த மாதம் சொன்னார் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். பின்னால் வருகிறவர் சரிபார்க்க அது வேண்டியிருக்கும்.